கூனல் அளவு

ரோகிதை களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. நல்ல வேளை, காலடியில் மண் கிடந்தது. ஆள் கிடந்திருந்தால் அன்றைக்கே அவன் கதை முடிந்திருக்கும்.

கொண்டுவந்தவள் தண்ணீர் சுமக்கும் பீவரி. குடத்தை இறக்கி வைக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை.

"ஏம்மா, நாளைக்கு அளவுக்கு நிக்கப்போறது நம்ம அய்யா இல்லியாமே? சுவனயன் அய்யாவாமே?"

"யாருடி சொன்னா?"

"ஊரே சொல்லுது. உங்களுக்குத்தான் தெரியல. அவரு நேத்தே தலை முழுகி, நகம் வெட்டி, வெறும் பாலைக் குடிச்சுக்கிட்டு விரதம் இருக்காரு."

ரோகிதை மிதிப்பதை நிறுத்தவில்லை. இன்னும் பலமாக மிதித்தாள். சுவனயன் அவள் புருஷனுடைய சித்தப்பா மகன். ஆள் நெடுநெடுவென்று இருப்பான். வளர்ந்த அளவுக்கு மூளை வளரவில்லை என்று இத்தனை காலமும் அவனைப் பற்றி நினைத்திருந்தாள். மூளை நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது என்று இப்போது தெரிந்தது.

அவள் புருஷன் சாயகன், திருஷத்வதி ஆற்றங்கரையில் அவர்கள் குலத்துக்குத் தலைவன். வேள்வி நெருப்பைச் சுமந்துபோகும் பருந்து வடிவ மேடையைச் செங்கல்லால் இரண்டாம் முறையாகக் கட்டப்போகிறான். முதல் பருந்து அவள் புதுப்பெண்ணாக வந்த வருஷம் கட்டியது. அக்கரையில் புல் முளைத்துக் கிடக்கிறது. பருந்துக்கு அளவு வேள்வி செய்கிறவனின் உடம்புதான். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்பான். விரல் நுனி எட்டும் இடத்தில் மூங்கில் கோலை வெட்டுவார்கள். அந்தக் கோல் நீளம், அந்தக் கோல் அகலம் கொண்ட சதுரம் ஓர் ஆள். முதல் பருந்து ஏழரை ஆள். அடுத்தது எட்டரை ஆள். ஒவ்வொரு செங்கல்லும் அந்தக் கோலிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

சாயகனின் முதுகு வளைந்து சில வருஷமாகிறது. போரில் விழுந்திருந்தால் நாலு பேர் பாட்டாவது கட்டியிருப்பார்கள். இவன் அறுவடைக் கொண்டாட்டத்தில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, தேர்ப் பந்தயத்தில் திருப்பத்தில் விழுந்தான். பரிசு ஒரு கருப்புக் காளை. அந்தக் காளையை ஜெயித்தவனும் சுவனயன்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் எள்ளெண்ணெயைச் சூடாக்கி அந்த முதுகில் தேய்த்தவள் ரோகிதை. இரண்டு பெண்களையும் தூரதேசத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆண் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் மூத்த மனைவி என்ற இடம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

யார் உடம்பு அளவோ, அவன் பருந்து. பருந்து எவனுடையதோ, குலம் நாளைக்கு அவன் பின்னால் போகும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் புருஷனுக்குத் தெரியாதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் வாத்சியனைப் பார்க்கப் போனாள்.

வாத்சியன்தான் வேள்விக்களத்தை அளக்கும் புரோகிதர். நாணல் கயிறுகளை நனைத்து முளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, வாயில் வறுத்த வாற்கோதுமையை அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. மண்ணு பதமா வந்திருக்கா?"

"மண்ணு கிடக்கட்டும். நாளைக்கு யாரை நிக்க வெக்கப்போறீங்க?"

வாத்சியன் மெல்லுவதை நிறுத்தினார். "உங்ககிட்ட அவரே சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"பீவரி சொன்னா. தண்ணி சுமக்கிறவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. நல்ல குடும்பம்."

"கோபப்படாதீங்க. அவரைக் கையத் தூக்கச் சொல்லி நானே அளந்து பார்த்தேன். பழைய கோலுக்கு ஒரு சாண் குறையுது."

"ஒரு சாண்தானே?"

"அப்படிச் சொல்லாதீங்க. இங்க பாருங்க." அவர் தரையில் கயிற்றால் ஒரு சதுரம் போட்டார். அதன் ஒரு மூலையோடு ஒட்டி, சற்றுச் சின்னதாக இன்னொன்று போட்டார். "நீளத்துலயும் குறையுது, அகலத்துலயும் குறையுது. ரெண்டு பக்கமும் கரையான் மாதிரி அரிக்குது. எட்டரை ஆளுக்கும் இப்படி அரிச்சா, மொத்தத்துல ஒன்றரை ஆளுக்கு மேலயே காணாமப் போயிடுது. ஒரு ஆளைக் கூட்டிட்டு ஒன்றரை ஆளைத் தொலைக்கிறோம். புதுசு அக்கரையில கிடக்கிற பழசைவிடச் சின்னதா வரும். பெரிசு கட்டினவன் அடுத்து சின்னது கட்டினா குடி தேயும்னு சொல்லுவாங்க. ஊர் சும்மா இருக்குமா?"

"நுனிக்கால்ல நிக்கட்டுமே. சில பேர் அப்படியும் அளக்கிறாங்கல்ல?"

"நின்னாரே. என் மேலயே விழுந்தாரு. இந்தாங்க, முழங்கை."

வேறொரு நாளாக இருந்தால் ரோகிதை விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். "வேற வழியே இல்லியா? அதுக்காக ஊரான் உடம்பைக் கொண்டாந்து நிறுத்துவீங்களா?"

வாத்சியன் அவளைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். உண்மை சொல்லத் தைரியமும் இல்லாதவர். அப்படிப்பட்டவர்கள் இப்படித்தான் கீழே பார்ப்பார்கள்.

"இருக்கு," என்றார் கடைசியில். "பழைய பருந்து முழுசையும் ஒரே பெரிய சதுரமா ஆக்கிடலாம். அதுக்குப் பழைய கோல் என்கிட்ட இருக்கு. இன்னிக்கு அவர் கூனி நிக்கிற அளவுக்கு ஒரு சின்னச் சதுரம். இப்ப பாருங்க." பெரிய சதுரத்தின் ஒரு பக்கத்தில் சின்னதன் நீளத்தைக் குறித்து ஒரு முளை அடித்தார். அங்கிருந்து எதிர்ப்பக்கத்தின் மூலைக்குக் கயிற்றைச் சாய்வாக இழுத்துப் பிடித்தார். "இந்தச் சாய்ஞ்ச கயிறைப் பக்கமா வெச்சு ஒரு சதுரம் போட்டா, பெரிசு சின்னது ரெண்டும் அதுக்குள்ள அடங்கிடும். ஒரு துளி மீறாது, ஒரு துளி குறையாது. அதுலேருந்து புதுப் பருந்தை வெட்டி எடுத்துக்கலாம்."

ரோகிதை குனிந்து பார்த்தாள். முளை, மூலை, நடுவில் விறைப்பான கயிறு. "அப்ப எவ்வளவு கூனினாலும்..."

"பழசைவிடப் பெரிசாத்தான் வரும். அன்னிக்கு நிமிந்து நின்னவரு ஏழரை. இன்னிக்குக் கூனி நிக்கிறவரு ஒண்ணு. எல்லாம் ஒரே மனுஷன் உடம்பு. ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். மோர்ச்சட்டி பறந்து வந்துச்சு. அதுக்கும் அவரு நிக்கணுமேம்மா. எல்லார் முன்னாடியும் மேல்துணி இல்லாம, கையத் தூக்கிக்கிட்டு. அது மட்டும் முடியாதுங்கறாரு."

"சுவனயனை நிறுத்தலாம்னு யாரு ஆரம்பிச்சது?"

"அவரேதான் வந்தாரு. அண்ணன் படற பாட்டைப் பார்க்கச் சகிக்கலன்னு கண்ணுல தண்ணி விட்டாரு."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நீங்களும் துடைக்கத் துணி எடுத்துக் குடுத்தீங்களாக்கும்."

கயிறு தெரிந்த அளவுக்கு முதுகெலும்பு இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டே அவள் வீட்டுக்கு நடந்தாள். ஊருக்கு ஒரு முதுகு வளைந்தது கண்ணுக்குத் தெரிகிறது. வளைந்த மற்ற முதுகுகளை யார் எண்ணுகிறார்கள்?

சாயகன் மான்தோலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். மல்லாந்து படுக்க அவனால் முடியாது. அவள் உள்ளே வந்த வேகத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆரம்பிக்காதே," என்றான்.

"நான் ஆரம்பிக்கல. நீங்கதான் முடிச்சிட்டு வந்திருக்கீங்க. குலத்தைத் தூக்கி அவன் மடியில போட்டுட்டு வந்து படுத்திருக்கீங்க."

"ஒரு மூங்கில் குச்சிடி அது. அவன் கையத் தூக்கறான், நாங்க வெட்டறோம். வேள்வி என்னுது, மாடு என்னுது, நெய் என்னுது."

"உடம்பு மட்டும் அவனுது."

"எனக்கு உடம்பு எங்கடி இருக்கு?" அவன் எழுந்து உட்கார்ந்தான். எழுவதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. "போய்ப் பாரு. வாசல்ல நான் நடந்தா சின்னப் பசங்க பின்னாடியே குனிஞ்சு நடந்து காட்டறானுங்க. இதுல நடுக்களத்துல நின்னு ஏதோ காய் பறிக்கிற கிழவன் மாதிரி கையத் தூக்கணுமா? சிரிக்க மாட்டானுங்க?"

"சிரிக்கட்டும். சிரிச்சா பல்லுதான் தெரியும். வாத்சியன் சொன்ன கணக்குல பருந்து பெரிசாத்தான் வருது."

"அந்தாளு கயிறைக் கட்டிக்கிட்டு அழட்டும். நான் நிக்கலன்னா நிக்கல."

"குனியக் குனியக் குட்டுவாங்க. நீங்க படுத்தே குடுக்கறீங்க."

அவன் கைக்கு எட்டிய மரக்கிண்ணத்தை எடுத்தான். எறியவில்லை. வைத்துவிட்டு மறுபடி ஒருக்களித்துப் படுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றைக்கு அந்த முதுகுக்கு எண்ணெய் இல்லை.

மறுநாள் காலையில் களத்தில் குலம் முழுவதும் கூடியிருந்தது. கிழக்கு மேற்காகக் கயிறு கட்டி முளை அடித்திருந்தார்கள். பெரியவர்கள் தர்ப்பை விரிப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாயகன் பலகையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தால் கூன் அவ்வளவாகத் தெரியாது. ரோகிதை வழக்கம்போல் மேற்கே, மிதித்த களிமண்ணை மரத்தட்டில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அளவு எடுத்த கையோடு முதல் கல்லைச் செய்வது அவர்கள் குலத்து வழக்கம். ஒரு பாதம் நீளம், ஒரு பாதம் அகலம். வேள்வி செய்கிறவனின் மூத்த மனைவிதான் அதைத் தன் கையால் பிடித்து, மேலே மூன்று கோடு இழுக்க வேண்டும். அந்தக் கல் இல்லாமல் மற்றக் கல்லைத் தொடக்கூடாது.

சுவனயன் மேல்துணியைக் களைந்துவிட்டு நடுவில் வந்து நின்றான். கையைத் தூக்கினான். பனைமரம்போல் போய்க்கொண்டே இருந்தான். கூட்டத்தில் "அடேயப்பா" என்று ஒரு சத்தம் எழுந்தது. வாத்சியன் மூங்கிலை அவன் பக்கத்தில் நிறுத்தினார்.

அப்போதுதான் ரோகிதையின் கண் எதிர்ப்பக்கம் போனது. சுவனயன் மனைவி பிருஷதை பெண்கள் வரிசையில் முன்னால் நின்றிருந்தாள். தலை நனைந்திருந்தது. கையைச் சாணத்தால் தேய்த்துக் கழுவியிருந்தாள், விரல் இடுக்கில் இன்னும் பச்சை தெரிந்தது. மேல்துணிக்கு அடியில், இடுப்பைச் சுற்றி முறுக்கிய புல்கயிறு ஒன்று எட்டிப் பார்த்தது.

அந்தப் புல்கயிற்றை ஒரு வேள்வியில் மூத்த மனைவி ஒருத்திதான் கட்டுவாள். அது ரோகிதையின் இடுப்பில் இருந்தது. இப்போது இன்னொரு இடுப்பிலும் இருந்தது.

ரோகிதை தன் மடியைப் பார்த்தாள். குலம், தலைமை என்றெல்லாம் நேற்று முழுக்கப் புருஷனுக்காகக் கத்தினாளே, தன் மடியில் இருந்த மண்ணைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை. எதிரில் இருந்தவள் அதை யோசித்துக் குளித்துவிட்டே வந்திருக்கிறாள். ரோகிதை தட்டோடு எழுந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க, வாத்சியரே. வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

விரிப்பிலிருந்த கிழவர் ஒருவர் முகம் சுளித்தார். "அளக்கும்போது என்னம்மா பேச்சு? உக்காரு."

"உக்காரத்தான் போறேன். எங்க உக்காரணும்னு தெரிஞ்சுக்கிட்டு உக்காரறேன். சொல்லுங்க வாத்சியரே, முதல் கல்லு எந்தக் கால் அளவுக்கு?"

வாத்சியன் மூங்கிலைப் பிடித்தபடி விழித்தார். "அது... அளவு குடுத்தவர் காலுக்கு."

"செய்யறது யாரு?"

"அவரோட மூத்த சம்சாரம்."

"சபையில எல்லாருக்கும் கேட்டுச்சா? அளவு சுவனயன் தம்பியோடதுன்னா கல்லுக்குக் காலும் அவருது. நான் அவர் காலைப் புடிச்சு மண்ணுல வெச்சா, நான் யாரு பொண்டாட்டின்னு பெரியவங்களே சொல்லிடுங்க." அவள் திரும்பினாள். "வாடி பிருஷதை, வந்து வாங்கிக்க. துணிக்குள்ள ஏன் மறைக்கறே? இடுப்புல கட்டிக்கிட்டு வந்ததை நல்லா வெளிய காட்டு."

மானம் உள்ளவள் என்றால் மறுத்திருப்பாள். குறைந்தது தலையைக் குனிந்திருப்பாள். பிருஷதை வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்கக்கா. உங்களுக்கும் வயசாயிடுச்சு, கனமா இருக்கும்," என்றாள்.

சுவனயன் பக்கத்து இளைஞர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எவனோ ஒருவன் உற்சாகம் தாங்காமல் "சுவனயனுக்கு ஜெயம்!" என்று கத்தினான். இன்னும் நாலைந்து பேர் கத்தினார்கள். கையைத் தூக்கியபடியே சுவனயன் பல்லைக் காட்டினான். கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பலகை உருளும் சத்தம் கேட்டது. சாயகன் எழுந்திருந்தான். போர்வை கீழே கிடந்தது.

"தள்ளுடா," என்றான் சுவனயனிடம்.

"அண்ணா, உங்களால முடியாது. நான்தான்..."

"கையக் கீழ போடு நாயே. என் களத்துல எவன்டா உனக்கு ஜெயம் போடறது?"

சுவனயன் கையைக் கீழே போட்டான். ஊன்றுகோல் இல்லாமல் சாயகன் நடுவுக்கு நடந்தான். வளைந்த முதுகு எல்லோருக்கும் தெரிந்தது, ஒவ்வொரு முள்ளும் எண்ணலாம்போல. நின்றான். கையைத் தூக்கினான். வலது கை ஏறியது, இடது கை காதோடு நின்று நடுங்கியது. முகம் மேலே போகவில்லை, தரையைத்தான் பார்த்தது. எங்கேயோ ஒருவன் களுக்கென்றான். அவன் தாய் அவன் வாயைப் பொத்தினாள்.

"வெட்டுய்யா வாத்சியா! இன்னும் என்ன பார்க்கறே?"

வாத்சியன் வெட்டினார். மேலே மிஞ்சிய மூங்கில் துண்டாகித் தரையில் விழுந்தது. பிறகு அவர் கயிறுகளை எடுத்தார். பழைய கோலால் பெரிய சதுரம். புதுக் கோலால் சின்னது. முளை அடித்து, மூலைக்குச் சாய்த்து, இழுத்துக் கட்டினார். நேற்று பயந்து செத்தவர் இன்று கயிறு கையிலிருந்ததும் வேறு ஆளாக இருந்தார். பெரியவர்கள் விரிப்பை விட்டு எழுந்துவந்து சுற்றி நின்றார்கள். பழைய சதுரத்தின் விளிம்பைத் தாண்டிப் புதியது வெளியே வந்து நின்றது. நான்கு பக்கமும் மடக்கி அளந்து பார்த்தார்கள், சரியாக இருந்தது. "பெரிசுதான்," என்றார் முகம் சுளித்த அதே கிழவர். பிருஷதை கூட்டத்தில் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

அளவு முடிந்து ஆட்கள் கொஞ்சம் கலைந்த பிறகு, சாயகன் முதல் கல்லுக்குக் கால் கொடுக்க வந்து உட்கார்ந்தான். ரோகிதை தட்டிலிருந்த மண்ணைத் தரையில் பரப்பித் தட்டி, அவன் குதிகாலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஜெயித்தவளுக்கு இறங்கத்தானே வேண்டும்? இந்த மனுஷனும் பாவம், ஏமாந்துதான் போயிருக்கிறான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அவ புல்லு கட்டிக்கிட்டு வந்து நின்னா பார்த்தீங்களா?" என்றாள் தாழ்ந்த குரலில். "இந்தக் கல்லையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்காங்க. உங்ககிட்ட மறைச்சிட்டாங்க."

அவன் கால் அவள் கைக்குள் அசையாமல் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே அசையாமல் இருந்தது.

ரோகிதை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "தெரியுமா உங்களுக்கு?"

"சுவனயன் சொன்னான்," என்றான் அவன். "அளவு அவனுதுன்னா கல்லு பிருஷதை கையாலதான்னு. சரின்னுட்டேன்."

"சரின்னுட்டீங்க."

"ஒரு களிமண் கட்டிதானேன்னு இருந்தேன்." அவனுக்கும் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம். "சத்தமில்லாம முடிஞ்சிருக்கும். இத்தனை பேர் முன்னாடி என்னை இப்படி நிக்க வெச்சிட்டே. நீ வாயத் திறக்க மாட்டேன்னு நெனச்சேன்."

ரோகிதையின் விரல்கள் அவன் குதிகாலில் அப்படியே நின்றன. எத்தனை குளிர்காலம், எத்தனை சட்டி எண்ணெய். ஒரு கணம் அந்தக் காலை முறுக்கிவிடலாமா என்று இருந்தது. முறுக்கவில்லை. நாணல் கத்தியை எடுத்தாள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வெட்டு, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு வெட்டு. அதே நீளத்துக்கு அகலத்தையும் குறித்து வெட்டி, மிச்ச மண்ணை வழித்து ஒதுக்கினாள்.

"அளந்தாச்சு," என்றாள். "காலை எடுங்க."